நாகலெட்சுமி மொதலாளியான வெவரம்

நீங்க எப்பவாச்சும் கூலி வேலைக்குப் போன எடத்துல, கூடையை எறக்கி வைக்கிறதுக்குள்ள மொதலாளி ஆகியிருக்கீங்களா? லொத்தர் விழுந்து இல்ல. சொத்து வந்து இல்ல. கவுருமெண்டு ஆளே வந்து ஒரு பாரத்தை நிரப்பி, "இன்னையிலருந்து நீங்கதான் மொதலாளி"ன்னு எழுதிக் குடுத்து?

கந்தப்பளைக்கு மேல ஊசிப்பாறைத் தோட்டம், எட்டாம் லயத்து வீட்டு வரிசையில இருந்த நாகலெட்சுமிக்கு அது நடந்துச்சு. நாலு தலைமொறையா தேயிலைக் கொழுந்து எடுத்த குடும்பம். அந்தக் குடும்பத்துல மொத மொதலா ஒரு ஆள் மொதலாளி ஆனது போன வருசம் மே மாசம், ஒரு செவ்வாக்கெழம, காலைத் தேத்தண்ணிக்குக் கொஞ்சம் முந்தி.

நாகலெட்சுமிக்கு நாப்பத்திமூணு வயசு. புருசன் செத்து நாலு வருசம். ஒரே மக சுலக்ஷனா, வயசு பதினஞ்சு. மாசி மாசம் மலையில குளவி கலைஞ்சப்ப, நாகலெட்சுமி தெறிச்சு ஓடி தண்ணிக் கான்ல விழுந்து வலது தோள்பட்டை எறங்கிருச்சு. தோட்டத்து டிஸ்பென்சரியில நாலு குளிசையைக் குடுத்து, ஒரு வாரம் கழிச்சு வேலைக்குப் போகச் சொன்னாங்க. அவளும் போனா. கைதான் கூடப் போகல. முந்தி நாளைக்கு இருவத்தஞ்சு கிலோ எடுத்த கை, இப்ப என்ன குட்டிக்கரணம் போட்டாலும் பதினாலைத் தாண்டல.

தோட்டத்துல ஒரு சட்டம் இருக்கு. அதை எந்தப் புத்தகத்துலயும் தேட வேணாம், காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல போய் நின்னாப் போதும். இருவது கிலோ எடுத்தா முழுப்பேரு, ஒரு நாள் சம்பளம். பத்தொம்பதே முக்கால் எடுத்தாலும் அரைப்பேரு, அரை நாள் சம்பளம். விடிஞ்சதுலருந்து அட்டைக் கடியில முழு ஆளா நின்னவ, தராசுப் பக்கம் வந்ததும் அரை ஆளாயிருவா. நாட்டுல வேற எங்கயும் மனுசனை இவ்வளவு சுளுவா ரெண்டாக்க முடியாது.

ஒரு மாசம் அரைப்பேருலயே ஓடுச்சு. அரைப்பேருக்கு அரைப் பை மாவு வாங்கலாம். அரை வயித்துக்குத் திங்கலாம். அரைப் பள்ளிக்கூடம்னு ஒன்னு இல்ல. ஒரு திங்கக்கெழம சுலக்ஷனா பள்ளிக்கூட உடுப்பை மடிச்சுப் பெட்டியில வச்சுட்டு, இடுப்புல படங்குச் சாக்கைக் கட்டிக்கிட்டு தாய் பின்னாலேயே மலைக்கு வந்துட்டா. அவ எடுக்குற ஆறேழு கிலோவைத் தாய் கூடையில போட்டா, தாய்க்கு முழுப்பேரு விழுந்துரும். வேலைக்காரங்க பேரு எழுதுற செக்ரோல்ல சுலக்ஷனாங்கிற பேரு கெடையாது. அதனால அவ அங்க இல்ல.

கணக்கப்பிள்ளை கந்தப்பனுக்குத் தெரியும். அவருக்கு மேல உள்ள கண்டாக்கு ஐயாவுக்குத் தெரியும். தோட்டத்தை நடத்துற தொரைக்கும் தெரியும். தெரிஞ்சவங்க எல்லாரும் அந்தப் பக்கம் வரும்போது கழுத்தைத் திருப்பி மானத்தைப் பாத்துக்கப் பழகியிருந்தாங்க. அவ நிக்கிற வரிசைக்கு மேல மானம் நல்லா தெரியும், மேகம் நல்லா தெரியும்.

இது இப்படி இருக்க, நுவரெலியாவுல "சிறுவர் உழைப்பு ஒழிப்பு இணைப்பு அலகு"ன்னு ஒரு கந்தோர் இருந்துச்சு. ரெண்டு மேசை, ஒரு ஜீப்பு, ஏழு உத்தியோகத்தர். அந்த ஏழு பேருல வெளியில போற ஆள் கஜேந்திரன் ஒருத்தர்தான். மத்த ஆறு பேரும் அவர் போயிட்டு வந்ததை எழுதுறவங்க, எழுதுனதைச் சரி பாக்குறவங்க, சரி பாத்ததுக்குக் கையெழுத்து போடுறவங்க.

ஜூன் மாசம் பன்னெண்டாம் தேதி, சிறுவர் உழைப்புக்கு எதிரா உலகம் பூராவும் ஒரு நாள் வச்சிருக்காங்க. அதுக்கு முன்னால அறிக்கை அனுப்பணும். கஜேந்திரனுக்கு அதுலதான் தலையிடி. மாவட்டத்துல சிறுவர் உழைப்பு இல்லவே இல்லைன்னு எழுதுனா, அப்புறம் அலகு என்னத்துக்குன்னு மூடிருவாங்க. நூறு புள்ளைக இருக்குதுன்னு எழுதுனா, இத்தனை வருசம் அலகு என்னத்தைக் கிழிச்சுச்சுன்னு மூடிருவாங்க. கஜேந்திரன் ராவும் பகலும் யோசிச்சுப் பாத்தாரு. இருக்க வேண்டிய சரியான தொகை ஒன்னு.

அந்த ஒன்னைத் தேடி அவர் மூணு வாரம் அலைஞ்சாரு. மரக்கறித் தோட்டங்களுக்குப் போனா, ஜீப்புச் சத்தம் கேட்டதும் கோவா பாத்திக்குள்ள தண்ணி வாளி மட்டும் நிக்கும், புடிச்ச ஆள் இருக்காது. சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனா, கோப்பை கழுவுறது எல்லாம் அக்கா மகன், லீவுக்கு வந்திருக்கான். ஒரே கடையில பதினோரு அக்கா மகன். கஜேந்திரன் அந்த அக்காவை மனசுக்குள்ள பாராட்டிட்டு, ஒரு ரோல்ஸ் சாப்புட்டுட்டு வந்துட்டாரு.

கடைசியா அந்தச் செவ்வாக்கெழம ஊசிப்பாறை றோட்டுல ஜீப்பு நின்னுச்சு. மலையில யாரோ விசில் அடிச்சாங்க. வரிசைக்கு வரிசை நின்ன புள்ளைக எல்லாம் படங்கை அவுத்துப் போட்டுட்டு ஓடை பக்கம் எறங்கி மறைஞ்சுச்சுக. சுலக்ஷனா மட்டும் ஓடல. கூடையைத் தாய் பக்கத்துல வச்சுட்டு, மேல ஏறி ஜீப்புகிட்ட போய் நின்னா.

"சேர், நீங்க பள்ளிக்கூடத்துப் பக்கம் உள்ள ஆளா?"

"ஏம்மா?"

"ரெண்டு மாசமா நான் போகல. பேரை வெட்டப் போறாங்கன்னு சொல்றாங்க. வர்ற வருசம் எனக்கு ஓஎல் பரீட்சை. திரும்ப சேத்துக்கச் சொல்லி அதிபர்கிட்ட சொல்லுவீங்களா சேர்?"

கஜேந்திரனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "உனக்கு வயசு என்னம்மா?"

"பதினஞ்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பதினாறு இல்லியே?"

"பதினஞ்சுதான் சேர். மார்கழியிலதான் பதினாறு."

"கடவுளே"ன்னு சொல்லிட்டு கஜேந்திரன் ஜீப்புல சாஞ்சுட்டாரு. பதினாறுக்குக் கீழ வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. இந்தப் புள்ளை ஏழெட்டு மாசம் பிந்திக் கண்ணுல பட்டிருந்தா எதுக்கும் ஒதவாம போயிருக்கும். அவர் போனை எடுத்து நாலு பக்கமும் நின்னு போட்டோ புடிச்சாரு. "கொஞ்சம் சோகமா பாரும்மா. அப்புடி இல்ல. பள்ளிக்கூடம் போக முடியாத மாதிரி."

"போக முடியாமத்தான் சேர் இருக்கேன்."

"அது தெரியுது. மொகத்துல தெரியலையே."

அரை மணி நேரத்துல தாயும் மகளும் தோட்டத்துக் கந்தோர்ல நின்னாங்க. தொரை நாற்காலியில இருந்தாரு. கஜேந்திரன் எதிர்ல உக்காந்து பாரத்தை விரிச்சாரு. கந்தப்பன் செக்ரோலைக் கக்கத்துல வச்சுக்கிட்டு கதவோரம் நின்னாரு.

"இது எங்க ஆள் இல்ல"ன்னாரு தொரை. "கந்தப்பன், காட்டு."

கந்தப்பன் செக்ரோலைத் தொறந்து காட்டுனாரு. ஊசிப்பாறைத் தோட்டத்துல சுலக்ஷனான்னு ஒரு ஆள் வேலை செய்யல.

"ஆனா உங்க மலையிலதானே சேர் நின்னுச்சு?"

"மலையில மொசலும் நிக்கிது. முள்ளம்பன்னியும் நிக்கிது. அதுக்கெல்லாம் நான் சம்பளம் குடுக்குறேனா?"

கஜேந்திரன் அதை ஞாயம்னு ஏத்துக்கிட்டாரு. ஆனா பாரத்துல "தொழில்தருநர்"ன்னு, வேலைக்கு வச்ச மொதலாளி பேரை எழுத ஒரு கட்டம் இருக்கு. அதை வெறுமனே விட்டா மேலருந்து திருப்பி அனுப்பிருவாங்க. அவர் நாகலெட்சுமி பக்கம் திரும்பினாரு.

"இந்தப் புள்ளையை மலைக்குக் கூட்டிட்டு வந்தது யாரு?"

"நான்தாங்க."

"வேலை சொல்லிக் குடுத்தது?"

"நான்தாங்க."

"கூடை யாரோடது?"

"என்னதுதாங்க."

"ஒழைப்போட பலன் யாருக்குப் போச்சு?"

நாகலெட்சுமி யோசிச்சா. "கொழுந்து ஸ்டோருக்குல்ல போகுது. அங்கருந்து தூளாகி கொழும்புக்கு, அப்புறம் வெளிநாட்டுக்கு…"

"வெளிநாட்டை விடு. பேரு யாருக்கு விழுந்துச்சு?"

"எனக்குங்க."

"முடிஞ்சுச்சு"ன்னாரு கஜேந்திரன். கட்டத்துக்குள்ள நாகலெட்சுமின்னு எழுதி, அடியில கோடு போட்டாரு. அதுவரைக்கும் "நீ"ன்னு பேசுனவரு, பேனாவை எடுத்ததும் மாறிட்டாரு. மொதலாளிமாரை மரியாதையா நடத்தணும்னு அவங்களுக்கு ஒரு சுற்றறிக்கை இருக்கு. "நீங்க இந்த பெஞ்சுல உக்காருங்கம்மா. உங்க நிறுவனத்தோட பேரு என்னங்க?"

நாகலெட்சுமி உக்காரல. அந்தக் கந்தோர்ல அவங்க குடும்பத்துல யாரும் உக்காந்தது இல்ல. "எட்டாம் லயம், ஆறாம் காம்பராங்க. நாங்க இருக்குற ஒத்தை அறைங்க."

"ஆறாம் காம்பரா நிறுவனம். சரி. தொழிலாளர் எத்தனை பேரு?"

"இவ ஒருத்திதாங்க."

"அவங்களுக்கு மலசலகூட வசதி செஞ்சு குடுத்திருக்கீங்களா?"

"லயத்துக்கு ஒன்னு இருக்குங்க. பன்னெண்டு குடும்பத்துக்கு. கதவு மட்டும் இல்ல."

"இருக்குன்னே போட்டுக்கிறேன். மேலதிக நேரத்துக்கு என்ன குடுப்பீங்க?"

"ஞாயித்துக்கெழம முட்டை அவிச்சுக் குடுப்பேங்க."

சுலக்ஷனா வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா. தொரையும் சிரிச்சாரு. அவருக்கு மனசு லேசாயிருச்சு. கஜேந்திரன் சிரிக்கல. "கொடுப்பனவு: முட்டை"ன்னு எழுதுனாரு.

கையெழுத்து வைக்கச் சொன்னப்ப நாகலெட்சுமி பேனாவைப் புடிச்சுக்கிட்டே கேட்டா. "ஐயா, ஒரே ஒரு விசயம். எனக்குக் கை இப்புடி ஆனதுனால, கிலோவைப் பதினாலா ஆக்கிட்டீங்கன்னா நான் ஒத்தையா எடுத்துக்குவேன். இவ நாளைக்கே பள்ளிக்கூடம் போயிருவா."

கஜேந்திரன் தொரையைப் பாத்தாரு. தொரை சன்னலைப் பாத்தாரு. சன்னல்ல ஒன்னும் இல்ல, பனி.

"அது எங்க விடயத்துக்குள்ள வராதும்மா"ன்னாரு கஜேந்திரன். "நாங்க சிறுவர் மட்டும்தான் பாக்குறது. கிலோ பெரியவங்க சமாச்சாரம்."

வெசாரணை முடியுற வரைக்கும் சுலக்ஷனா மலைக்குப் போகக் கூடாதுன்னு சொன்னாங்க. சரி, பள்ளிக்கூடத்துக்குப் போகலாமான்னு கேட்டா, அதுக்கும் போகக் கூடாது. மீட்டெடுத்த புள்ளையைச் சேக்குறதுன்னா அலகு மொறைப்படி ஒப்படைக்கணும். அதுவரைக்கும் அவ ஒரு ஆதாரம். ஆதாரம் இருக்குற எடத்துலயே இருக்கணும். மூணு வாரம் சுலக்ஷனா காம்பராவுல ஒக்காந்து பழைய கொப்பிகளைத் திரும்பத் திரும்ப வாசிச்சா. தாய் அரைப்பேரு அரைப்பேரா வாங்கிட்டு வந்தா. கடையில இருந்த கோதுமை மாவு கடன் சொன்னாத்தான் வந்துச்சு.

லயத்துல இது பெரிய கூத்தாயிருச்சு. பக்கத்துக் காம்பரா கிருஷாந்தி பீலியில தண்ணி புடிக்கும்போது குடத்தை ஒதுக்கி வச்சா. "வழி விடுங்கடி, மொதலாளியம்மா வர்றாங்க. ஏம்மா, எனக்கும் ஒரு வேலை போட்டுத் தாங்களேன். முட்டை இல்லாட்டியும் பரவாயில்ல, அப்பளம் பொரிச்சுக் குடுத்தாப் போதும்."

"ஒனக்கு வயசு கூடிப் போச்சுடி"ன்னா நாகலெட்சுமி. "நான் சின்னப் புள்ளைகளை மட்டுந்தான் எடுக்குறது."

சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சதும் கிருஷாந்தி கொரலை எறக்கி, "அக்கா, என் மவன் அன்னைக்கு ஓடையில ஒளிஞ்சிருந்தானே, அதுல நானும் மொதலாளி ஆயிருவேனா?"ன்னு கேட்டா. அவ மொகத்துல சிரிப்பு இல்ல.

ஜூன் ஆறாம் தேதி கடிதம் வந்துச்சு. சிங்களத்துல இருந்துச்சு. சுலக்ஷனாதான் வாசிச்சு சொன்னா. அவளுக்குச் சிங்களம் பள்ளிக்கூடத்துலயே நல்லா வரும்.

"மதிப்புக்குரிய தொழில்தருநர் அவர்களேன்னு போட்டிருக்கும்மா."

"யாரு அது?"

"நீதான்."

பன்னெண்டாம் தேதி நுவரெலியாவுல ஒரு பெரிய ஹோட்டல்ல மாவட்டத்து மொதலாளிமாருக்குக் கருத்தரங்கு. மீட்கப்பட்ட சிறுவரையும் கூட்டி வரணும். வராட்டி கோர்ட்டு வழக்கு, தண்டம், மறியல். நாகலெட்சுமி கடிதத்தைக் கொண்டு போய் கந்தப்பன்கிட்ட காட்டி ஒரு நாள் கேட்டா.

"போயிட்டு வா"ன்னாரு கந்தப்பன். "ஆனா அன்னைக்குப் பேரு இல்ல. மொதலாளி வேலையா போற ஆளுக்குத் தோட்டம் சம்பளம் குடுக்க முடியுமா, நீயே சொல்லு."

ஹோட்டல் வாசல்ல எதோ ஒரு பள்ளிக்கூடத்துச் சின்னப் புள்ளைக அறுவது பேரு, காலையில ஏழு மணியிலருந்து கொடியைப் புடிச்சுக்கிட்டு தூத்தல்ல நின்னுச்சுக. அலகுக்கு மேல இருக்குற பணிப்பாளர் கொழும்புலருந்து வந்து எறங்கும்போது மணி பத்தே கால். ஒரு புள்ளை மயங்கி விழுந்துச்சு. சுலக்ஷனா பதறிப் போய், "சேர், இதுக ஏன் சேர் நிக்கிதுக?"ன்னு கேட்டா.

"இது வேலை இல்லம்மா"ன்னாரு கஜேந்திரன். "இணைப்பாடவிதானம். பாடத்தோட சேந்த பயிற்சி."

உள்ளுக்குப் போனதும் நாகலெட்சுமி கழுத்துல ஒரு அட்டையை மாட்டி விட்டாங்க. அவ நனைஞ்ச சீலையோட மெத்தை நாற்காலி நுனியில உக்காந்தா. அந்த நேரம் ஊசிப்பாறைத் தொரை உள்ள வந்தாரு. நாகலெட்சுமி சடார்னு எந்திரிச்சு முந்தானையை இழுத்து விட்டா. ஒரு அலகு உத்தியோகத்தர் ஓடி வந்து, "உக்காருங்க மேடம், இன்னைக்கு நீங்களும் அவரும் சமம்"ன்னாரு. தொரை அப்புடி ஒன்னும் கேள்விப்படாத மாதிரி முன் வரிசைக்குப் போயிட்டாரு.

பக்கத்து நாற்காலியில கந்தப்பளை ஹாட்வெயார் கடை மஃறூப் மொதலாளி இருந்தாரு. ஊர்ல அண்ணன் மொறையா அவரை நானான்னுதான் கூப்புடுவாங்க. லைசன் புதுப்பிக்கணும்னா வந்தே ஆகணும்னு அவரையும் பிடிச்சுப் போட்டிருந்தாங்க.

"தங்கச்சி எந்தக் கம்பனி?"

"ஆறாம் காம்பராங்க நானா."

"கேள்விப்படல்லியே. எத்தன பேர் ஈக்காங்க ஒங்களுக்குக் கீழ?"

"இவதாங்க. என் மக."

மஃறூப் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "முப்பது வருசமா நான் கடை நடத்துறன். என்ட புள்ளையள்ட்ட ஒரு ஆணிய எடுத்துத் தாங்கன்னு சொன்னா கைல உள்ள ஃபோன விட்டுத் தலைய நிமித்துறல்ல. நீங்க கெட்டிக்காரி தங்கச்சி. எப்புடி வேலை வாங்குறீங்க?"

"கையி வெளங்காம போனா தானா செய்யுதுங்க நானா."

மஃறூப் தனக்குத் தந்த கேக்குத் துண்டை எடுத்து சுலக்ஷனா தட்டுல வச்சாரு.

பணிப்பாளர் பேச எந்திரிச்சாரு. அவர் சிங்களத்துல பேச, கஜேந்திரன் தமிழாக்குனாரு.

"சிறுவர் உழைப்புக்கு மூணு காரணம். ஒன்னு, பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்ல. ரெண்டு, விழிப்புணர்வு இருந்தாலும் அக்கறை இல்ல. மூணு, அக்கறை இருந்தாலும் கருத்தரங்குக்கு வர்றது இல்ல. சிலபேர் வறுமைதான் காரணம்னு சொல்றாங்க. நான் இதைப் பத்திப் பதினேழு நாட்டுல பேசியிருக்கேன். எந்த நாட்டு ஹோட்டல்லயும் நான் வறுமையைப் பாத்தது இல்ல."

எல்லாரும் கை தட்டுனாங்க. பொறவு ஒவ்வொரு மொதலாளியா எந்திரிச்சு, போன வருசம் எத்தனை சிறுவர் வேலை செஞ்சாங்க, இந்த வருசம் எத்தனைன்னு அறிவிக்கச் சொன்னாங்க. திரையில கோடு போட்டுக் காட்டுறதுக்கு ஒரு ஆள் கம்பியூட்டரோட உக்காந்திருந்தாரு.

தொரைமாரு எந்திரிச்சாங்க. சைபர், சைபர். ஹோட்டல்காரங்க எந்திரிச்சாங்க. சைபர், சைபர். அந்தப் பதினோரு அக்கா மகன் கடைக்காரரும் எந்திரிச்சாரு. சைபர், சைபர். மஃறூப் எந்திரிச்சு, "என்ட கடேல ஆகச் சின்ன ஆள் ரிஃகான். அவருக்கு நாப்பத்தஞ்சு வயசு. அவர எழுதணுமா?"ன்னு கேட்டாரு. வேணாம்னு சொன்னாங்க.

கடைசியா நாகலெட்சுமி. "ஒன்னுங்க"ன்னா. "இப்ப இல்லைங்க."

கம்பியூட்டர் ஆள் தட்டுனாரு. திரையில அதுவரைக்கும் தரையோட படுத்துக் கெடந்த கோடு ஒரு தடவை மேல ஏறி கீழ விழுந்துச்சு. பணிப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எந்திரிச்சு நின்னு பாத்தாரு. சைபர்லருந்து சைபருக்குப் போனா கொறைப்பு ஒன்னும் இல்ல. ஒன்னுலருந்து சைபருக்குப் போனா நூறு வீதம். மாவட்டத்துல இருக்குற எல்லா மொதலாளியிலயும் சிறுவர் உழைப்பை உண்மையா கொறைச்ச ஆள் ஒருத்தர்தான்.

"ஹரி ஷோக்!"ன்னாரு பணிப்பாளர், சிங்களத்துல ரொம்ப ஜோருன்னு.

அந்த எடத்துலயே நாகலெட்சுமிக்கு "சிறந்த தொழில்தருநர்"னு கேடயம் குடுக்க முடிவாயிருச்சு. மஃறூப் தலையில கையை வச்சாரு. "உள்ளதச் சொன்னா பரிசு தருவாங்கன்னு ஆருக்குத் தெரியும்? தெரிஞ்சா ரிஃகான்ட வயசக் கொறச்சீப்பேனே."

கேடயம் குடுக்குறதுக்கு முன்னால ஊசிப்பாறைத் தொரை மைக்கைப் புடிச்சாரு. பரிசு தன் தோட்டத்துக்கு வருதுன்னதும் அவருக்கு மொகம் பூரிச்சுப் போயிருந்துச்சு.

"நாகலெட்சுமி எங்க ஆள்"ன்னாரு. "நாங்க அவங்களுக்கு வேலை குடுத்தோம். அவங்க இன்னொரு ஆளுக்கு வேலை குடுத்தாங்க. எங்களுக்கு ஒரு சம்பளந்தான் செலவு, ரெண்டு பேருக்கு வேலை. இதுக்குப் பேருதான் அபிவிருத்தி. எங்க மலையில இப்ப சிறுவர் ஒருத்தர்கூட இல்ல. எல்லாம் பெரியவங்க. பெரியவங்களால இன்னும் கூட முடியும்கிற நம்பிக்கை எனக்கு இருக்கு. அந்த நம்பிக்கையை நாளைக்கே காட்டப் போறேன்."

பொறவு மைக்கு நாகலெட்சுமி கைக்கு வந்துச்சு. அவ அதை எடது கையால புடிச்சா. இத்தனை பெரியவங்களை ஒன்னா இனிமே எப்ப பாக்கப் போறோம்னு நெனைச்சு ஒரே மூச்சுல சொன்னா.

"ஐயாமாரே, எனக்குக் கேடயம் வேணாங்க. வலது கையி ஏறாது. இருவது கிலோ எடுக்க முடியல. பதினாலு எடுத்தாலும் எனக்கு முழுப்பேரு போடச் சொல்லுங்க. அது ஒன்னு போதும். எம் புள்ளை படிச்சுக்கும்."

பணிப்பாளர் கஜேந்திரனைப் பாத்தாரு. கஜேந்திரன் சிங்களத்துல சொன்னாரு. பணிப்பாளர் நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு தலையை ஆட்டுனாரு. சபை பூராவும் கை தட்டுச்சு. நாகலெட்சுமிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு.

சுலக்ஷனா தாய் கையிலருந்து மைக்கை வாங்கி, நல்ல சிங்களத்துல பேசுனா. "மாத்தியா, எங்க அம்மா அப்புடி நன்றி ஒன்னும் சொல்லல. எல்லா மொதலாளியும் தன்னைப் பாத்து திருந்தணும்னும் சொல்லல. கிலோவைக் கொறைக்கச் சொன்னாங்க. கொறைச்சா நான் வேலைக்குப் போக வேண்டியதே இல்ல."

பணிப்பாளர் மேடையிலருந்து எறங்கி வந்து சுலக்ஷனா தோள்ல கையை வச்சாரு.

"பாத்தீங்களா!"ன்னு சபையைப் பாத்து சொன்னாரு. "எவ்வளவு அழகா சிங்களம் பேசுது இந்தப் புள்ளை! இப்பேர்ப்பட்ட புள்ளையை வேலைக்கு வச்சிருந்தாங்களே! இதுக்காகத்தான் நாங்க போராடுறோம்!"

முந்தி தட்டுனதை விடப் பலமா கை தட்டுனாங்க. போட்டோ புடிச்சாங்க. பணிப்பாளர் சாப்பாட்டுக்குப் போனாரு. பின்னாலேயே போன சுலக்ஷனாகிட்ட, "கிலோ தோட்டத் தொழில் விடயம் மகளே, அதுக்கு வேற அமைச்சு"ன்னு சொல்லிட்டுத் தட்டுல கோழியை எடுத்து வச்சாரு.

கஜேந்திரன் மீட்கப்பட்ட சிறுவருக்குன்னு ஒரு பள்ளிக்கூடப் பை குடுத்தாரு. பையில "சிறுவர் உழைப்பை ஒழிப்போம்"னு மூணு மொழியில அடிச்சிருந்துச்சு.

"நாளைக்கே பள்ளிக்கூடம் போகலாமா சேர்?"

"தாராளமா போ. உன்னை எங்க பதிவுலருந்து எடுத்தாச்சு. அதிபர்கிட்ட ஒரு சின்ன நடைமொறை இருக்கும், அது ஒன்னும் பெரிய விசயம் இல்ல."

கேடயத்தைத் தொரை தன் ஜீப்புல ஏத்திக்கிட்டாரு. கந்தோர்ல வைக்கிறதுதான் ஒழுங்கு, லயத்துல ஒழுக்கு இருக்குன்னாரு. கேடயத்துக்கு முன் சீட்டு. தாயும் மகளும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாங்க. மஃறூப் லொறியை நிப்பாட்டி அவங்களைக் கந்தப்பளை வரைக்கும் ஏத்திட்டு வந்தாரு. எறங்கும்போது, "கைக்கு ஒரு நல்ல டொக்டர்ட்ட காட்டுங்க தங்கச்சி"ன்னாரு.

தோட்டத்து முச்சந்தியில புதுசா ஒரு பலகை நட்டிருந்தாங்க. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து: "சிறுவர் உழைப்பற்ற தோட்டம். நூறு வீதம்." பெயிண்டு இன்னும் காயல. சுலக்ஷனா பெட்டியைத் தொறந்து பள்ளிக்கூட உடுப்பை எடுத்து, கரித்துண்டு போட்டு ஸ்திரிக்கை பண்ணா. நாகலெட்சுமி அதைப் பாத்துக்கிட்டே தோளுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தா.

"அம்மா, நான் போயிட்டா நீ எப்புடி எடுப்ப?"

"எடுப்பேன். நீ போ."

அடுத்த நாள் காலையில ஆறரைப் பெரட்டுல, இன்னையிலருந்து கிலோ இருவத்திரெண்டுன்னு கந்தப்பன் வாசிச்சாரு. ஏழே முக்காலுக்கு சுலக்ஷனா புதுப் பையோட பள்ளிக்கூடத்துக்குப் போனா. வேலை குடுத்த மொதலாளிகிட்டருந்து விடுவிப்புக் கடிதம் மூணு பிரதி கொண்டு வந்தாத்தான் சேக்க முடியும்னு அதிபர் சொன்னாரு. தாய்கிட்ட கையெழுத்து வாங்க அவ நேரா மலைக்கு வந்தா. வேலை நேரத்துல சொந்த நிறுவனத்து அலுவல் பாக்கக் கூடாது, தேத்தண்ணி நேரம் வரைக்கும் பொறுன்னு கந்தப்பன் சொன்னாரு. சுலக்ஷனா பையைப் பச்சைப் பலகைக்குப் பின்னால வச்சுட்டு, வெள்ளை உடுப்புக்கு மேல படங்கைக் கட்டிக்கிட்டு, தாய்க்குப் பக்கத்து வரிசையில நின்னா. கந்தப்பன் மானத்தைப் பாத்தாரு. பத்து மணி நிறுவையில நாகலெட்சுமி பேருல பதினொரு கிலோ விழுந்துச்சு.